63வது பெயர்: பட்டியல்கள் சேர்ந்து நடக்கும்போது

(எமது வானொலியின் மாதாந்த உரை நேரத்தில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்த நேரத்தில் வழமையாக நான் வரிப் பத்திரம், சுப்பர் என்று நாம் சொல்லும் ஓய்வூதிய நிதி, சிறு வியாபாரக்காரர்களின் ஜிஎஸ்ரி கணக்கு என்று ஏதாவது பேசுவேன். இன்று கணினிக்குப் புரோகிராம் எழுதுவது பற்றிப் பேசப் போகிறேன். தயவு செய்து உடனே வானொலியை நிறுத்திவிடாதீர்கள். நான் கணினி படித்தவன் அல்லன். யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்துப் பட்டம் பெற்று, அவுஸ்திரேலியாவுக்கு வந்து கணக்காளர் வேலை பார்ப்பவன். ஐம்பது வயதுக்குப் பிறகு, மகள் சொல்லித் தர, பைதன் என்ற கணினி மொழியில் கொஞ்சம் எழுதப் பழகினேன். அந்தக் கொஞ்ச அறிவோடு நான் செய்த ஒரு பிழையையும், அதனால் ஓர் அம்மாவின் மனம் நொந்ததையும் இன்று உங்களிடம் சொல்ல வேண்டும். சங்கங்களுக்குப் பொருளாளராக இருப்பவர்கள், கோயில் கணக்குப் பார்ப்பவர்கள், கணினி படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆண்டு முடிவில் எமது வானொலி ஒரு மணி நேரத்தை நினைவுகூரலுக்கு ஒதுக்குவது உங்களுக்குத் தெரியும். மறைந்த தாய் தந்தையர், அப்பப்பா, அம்மம்மா, சகோதரங்கள் என்று குடும்பங்கள் பெயர்களை அனுப்பி வைப்பார்கள். பெயர், ஊர், நினைவுகூரும் குடும்பம் என்று மூன்றையும் சேர்த்து நாங்கள் ஒவ்வொன்றாக வாசிப்போம். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் இடைவெளி. அவ்வளவுதான் நிகழ்ச்சி.

2022 டிசெம்பரில் 63 பெயர்கள் வந்திருந்தன. மின்னஞ்சலில் சில, தொலைபேசியில் சில, தாளில் கையால் எழுதித் தந்தவை சில. வேலையைத் தொண்டர்கள் மூவர் பகிர்ந்துகொண்டோம். பெயர்களை நான் தட்டச்சுச் செய்தேன். ஊர்களை இன்னொருவர் செய்தார். குடும்ப விபரத்தை மூன்றாமவர் செய்தார். மூவரும் ஒரே ஒழுங்கில் செய்வது என்று பேச்சு. பிறகு மூன்று பட்டியல்களையும் ஒன்றாகச் சேர்த்து, பெரிய எழுத்தில் வாசிப்புத் தாளாக அச்சிட நான் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். பத்து வரிகூட இருக்காது. ஓட்டிப் பார்த்தேன். முதல் பக்கம் சரியாக வந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

நிகழ்ச்சி முடிந்து, கலையகத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு இருந்தேன். முதலாவது அழைப்பு ஓர் ஐயாவிடமிருந்து.

"தம்பி, அண்ணைக்கு நீர் சொன்ன ஊர் பிழை. நாங்கள் காரைநகர். நீர் கரவெட்டி எண்டு வாசிச்சிட்டீர்."

மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவது அழைப்பிலும் ஊர் பிழை. மூன்றாவதிலும் ஊர் பிழை. நான்காவதாக எடுத்தவர் எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மா.

"தம்பி, இவற்ற பேர் வாசிச்சனீங்களோ? நான் விளக்குக் கொளுத்தி வைச்சிட்டு, முதல்ல இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். எனக்குத்தான் கேக்கேல்லையோ தெரியாது."

அம்மாவின் காதில் ஒரு குறையும் இல்லை. என் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். 62 பெயர்கள். அவருடைய கணவரின் பெயர் 63வது. அது தாளிலேயே இல்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் கணினிக்கு முன்னால் இருந்தேன். என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு மணித்தியாலம் எடுத்தது. அதை உங்களுக்குச் சொல்ல, முதலில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

தவணை முடிவில் ஆசிரியர்கள் தேர்ச்சி அறிக்கை எழுதுவது நினைவிருக்கும். ஓர் ஆசிரியர் இடாப்பை வைத்துக்கொண்டு பெயரை வாசிப்பார். மற்றவர் புள்ளித் தாளை வைத்துக்கொண்டு புள்ளியை வாசிப்பார். பெயர், புள்ளி, பெயர், புள்ளி என்று இரண்டும் ஒன்றாக நடந்து போகும். புள்ளித் தாளில் பெயர் இல்லை. இடாப்பில் புள்ளி இல்லை. இரண்டையும் இணைப்பது ஒழுங்கு மட்டும்தான். ஏழாவது பெயருக்கு ஏழாவது புள்ளி.

இப்போது ஏழாவது பிள்ளை சோதனைக்கு வரவில்லை என்று வையுங்கள். புள்ளித் தாளில் அந்த இடத்தில் "வரவில்லை" என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. வராத பிள்ளைதானே என்று அந்த வரியையே விட்டுவிட்டு அடுத்த பிள்ளையின் புள்ளியை எழுதியிருந்தால்? வராத பிள்ளைக்கு எட்டாவது பிள்ளையின் 80 கிடைக்கும். அந்த எட்டாவது பிள்ளைக்கு ஒன்பதாவது பிள்ளையின் 35 கிடைக்கும். வீட்டில் அடியும் கிடைக்கும். இப்படியே வகுப்பு முழுவதும் ஒரு படி நகர்ந்து, கடைசிப் பிள்ளைக்குப் புள்ளியே இருக்காது. ஆனால் அங்கே ஒரு நன்மை உண்டு. கடைசிப் பெயரை வாசித்ததும் மற்ற ஆசிரியர் தலையை நிமிர்த்தி, "என்னட்டப் புள்ளி முடிஞ்சுதே" என்று சொல்வார். உடனே இருவரும் திரும்பிப் போய் எங்கே பிசகியது என்று தேடுவார்கள்.

கணினியில் நாங்கள் செய்ததும் இதே வேலைதான். ஆனால் அங்கே தலையை நிமிர்த்த ஆள் இல்லை.

கணினி மொழிகளில் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய் என்று சொல்லலாம். அதை லூப் என்பார்கள். ஒரு பட்டியல் என்றால் பிரச்சினை இல்லை. இரண்டு மூன்று பட்டியல்களை ஒரே நேரத்தில், ஒரே அடியில் நடத்திக்கொண்டு போவதற்குப் பழைய வழி, இலக்கத்தால் கூப்பிடுவது. கணினி 0 இலிருந்து எண்ணும். 0வது பெயர், 0வது ஊர். 1வது பெயர், 1வது ஊர். பெயர்கள் முடியும் வரை இப்படிக் கூப்பிடுவோம். இதில் ஊர்ப் பட்டியல் முன்னமே முடிந்துவிட்டால், பைதன் "அந்த இலக்கத்தில் ஒன்றும் இல்லை" என்று பிழை காட்டி நின்றுவிடும். எழுதுவதற்கு அலுப்பான முறை. ஆனால் இல்லாத ஊரைக் கேட்டால் சத்தம் போடும்.

2000ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளியான பைதன் 2.0 இல் இதற்கு அழகான ஒரு வழி வந்தது. அதன் பெயர் ஸிப். எங்கள் குளிர்ச்சட்டைக்குப் பூட்டுகிற அதே ஸிப்தான். இந்தப் பக்கத்துப் பல்லும் அந்தப் பக்கத்துப் பல்லும் ஒன்றில் ஒன்று கொளுவிக்கொண்டு போவதுபோல், முதல் பெயரும் முதல் ஊரும் சோடி, இரண்டாவது பெயரும் இரண்டாவது ஊரும் சோடி. இலக்கம் ஒன்றும் வேண்டாம். மூன்று பட்டியல்களையும் அதனிடம் கொடுத்தால் மும்மூன்றாகக் கட்டித் தரும். வாசிக்கவும் எழுதவும் இலகு. மகள் எனக்குக் காட்டித் தந்ததும் இதைத்தான்.

ஆனால் ஒரு விடயத்தை நான் கவனிக்கவில்லை. பட்டியல்களின் நீளம் வேறுபட்டால் ஸிப் என்ன செய்யும்? மிகக் குறுகிய பட்டியல் எங்கே முடிகிறதோ அங்கே நின்றுவிடும். மற்றவற்றில் மிஞ்சியதைத் தொடாது. பிழை என்று சொல்லாது. எச்சரிக்கையும் தராது.

இனி எங்கள் பட்டியலுக்கு வருவோம். 41வது பெயருக்கு ஊர் எழுதப்படவில்லை. விபரம் அனுப்பிய பேத்தி அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தா. ஊர்ப் பட்டியலைத் தட்டியவர் மிகச் சரியாக, அந்த வரியை வெறுமையாகவே விட்டிருந்தார். பிழை விட்டது நான். தாளில் தேவையில்லாத வெற்று வரிகள் வரக் கூடாது என்று, ஒவ்வொரு பட்டியலிலும் வெற்று வரிகளை நீக்கிவிடு என்று புரோகிராமில் ஒரு கட்டளை எழுதியிருந்தேன். துப்புரவு செய்வதாக நினைப்பு. பெயர் 63, குடும்பம் 63, ஊர் 62 ஆகிவிட்டது. 41வது பெயரிலிருந்து 62வது பெயர் வரை, 22 பேருக்கு அடுத்தவரின் ஊர் போனது. 63வது பெயருக்கு ஊர் இல்லாததால், ஸிப் அவரை விட்டுவிட்டது.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்பா, நீங்கள் ஸ்ட்ரிக்ட் போடேல்லை" என்றா.

2021 ஒக்ரோபரில் வந்த பைதன் 3.10 இல் இந்த வசதி சேர்க்கப்பட்டது. ஸிப் என்ற கட்டளையின் முடிவில் ஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைச் சேர்த்து, ஆம் என்று எழுதிவிட்டால், நீளம் வேறுபடும் பட்டியல்களை அது ஏற்றுக்கொள்ளாது. பிழை காட்டி நிற்கும். ஆனால் நாம் கேட்டால்தான் அப்படிச் செய்யும். கேட்காவிட்டால் பழையபடி சத்தமில்லாமல் நிற்கும். நான் கேட்கவில்லை.

பிறகு கொஞ்சம் வாசித்துப் பார்த்தேன். இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு கணினி மொழியும் ஒவ்வொரு குணம் காட்டுகிறது. பைதனும், சி பிளஸ் பிளஸ் மொழியின் 2023ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த ஸிப்பும் குறுகியதோடு நிற்கும். ரூபி என்ற மொழி முதலாவது பட்டியலைத் தலைவராக வைத்துக்கொள்ளும். மற்றப் பட்டியல் குறைந்தால் அந்த இடத்தில் "ஒன்றும் இல்லை" என்று ஓர் அடையாளத்தை வைக்கும். கூடினால் மிச்சத்தை விட்டுவிடும். புள்ளிவிபரக்காரர்கள் பாவிக்கும் ஆர் என்ற மொழியின் குணம் இன்னும் விசித்திரமானது. அதில் 4 எண்களோடு 2 எண்களைக் கூட்டச் சொன்னால், அந்த இரண்டும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, நான்குக்கும் கூட்டிவிடும். 4 இல் 2 சரியாக இரண்டு தரம் அடங்குவதால் எச்சரிக்கையும் இல்லை. 4 எண்களோடு 3 எண்களைக் கூட்டினால்தான் எச்சரிக்கும்.

பைதனிலும் வெற்றிடத்தை நிரப்பும் வழி ஒன்று உண்டு. ஸிப் லோங்கெஸ்ட் என்று பெயர். மிக நீளமான பட்டியல் முடியும் வரை போகும். குறைந்த இடத்தில் நாம் சொல்லும் சொல்லை வைக்கும்.

குறுகியதோடு நிற்பது எப்போதும் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். பெயர்களுக்கு முன்னால் 1, 2, 3 என்று தொடர் இலக்கம் போட வேண்டும் என்று வையுங்கள். இலக்கங்களுக்கு முடிவே இல்லை. பெயர் முடியும் இடத்தில் நிற்கத்தானே வேண்டும். ஆகவே எந்தக் குணம் எந்த வேலைக்குப் பொருந்தும் என்று நாம் முதலில் முடிவு செய்ய வேண்டும். நினைவுகூரல் பட்டியலில் ஒருவர்கூட விடுபடக் கூடாது. அந்த வேலைக்கு, சத்தமில்லாமல் நிற்கும் ஒன்றை நான் நம்பியது தவறு.

இங்கே கணக்காளர்களுக்கு ஒரு வெட்கம் இருக்கிறது. ஏனென்றால் எங்கள் தொழிலே சோடி பார்க்கும் தொழில். 1494 இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சியோலி என்ற துறவி அச்சிட்ட கணித நூலில், அந்த நகரத்து வணிகர்கள் எழுதிவந்த இரட்டைப் பதிவு முறையை விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு வரவுக்கும் ஒரு செலவு. இரண்டு பக்கமும் சேர்ந்து நடக்க வேண்டும். முடிவில் பரீட்சை மீதி எடுப்போம். இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒத்து வந்தால் மனம் ஆறும்.

ஆனால் வணிகம் படித்த எவருக்கும் ஆசிரியர் அடுத்த பாடத்திலேயே ஓர் எச்சரிக்கை சொல்லியிருப்பார். பரீட்சை மீதி ஒத்து வந்தாலும் கணக்குப் பிழையாக இருக்கலாம். மூன்று பேர் 50, 20, 100 டொலர் என்று சங்கத்துக்கு நன்கொடை தருகிறார்கள். 50 தந்தவரின் பெயரில் 20, 20 தந்தவரின் பெயரில் 100, 100 தந்தவரின் பெயரில் 50 என்று பதிந்துவிட்டால், மொத்தம் 170 சரியாகவே வரும். வங்கியோடும் ஒத்து வரும். பிழை தெரிவது, 100 டொலர் தந்தவர் 50 டொலருக்கான பற்றுச்சீட்டைக் கையில் வாங்கும்போதுதான். கூட்டுத்தொகை சோடியைப் பார்ப்பதில்லை.

இதே குறை ஸ்ட்ரிக்டுக்கும் உண்டு என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். அது எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது. எங்கள் ஊர்ப் பட்டியலில் ஒரு வெற்று வரி நீங்கிய அதே நேரம், வேறோரிடத்தில் ஒருவருடைய ஊர் இரண்டு வரியாகத் தட்டப்பட்டிருந்தால், பெயரும் 63, ஊரும் 63. ஸ்ட்ரிக்ட் தலையாட்டிவிடும். நடுவில் உள்ளவர்களுக்கெல்லாம் ஊர் மாறியிருக்கும். ஒரு பிழையை இன்னொரு பிழை மறைப்பதை நாங்கள் ஈடுசெய் வழு என்று படித்தோம். கணினியிலும் அதே வழுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரிக்ட் முதலிலேயே நீளத்தை அளந்து பார்ப்பதில்லை. நடந்துகொண்டே போய், ஒரு பட்டியல் முடிந்து மற்றது முடியாத இடத்தில்தான் பிழை காட்டும். அதற்குள் முன்னுள்ள 62 வரிகளும் அச்சாகிவிடலாம், அல்லது 62 கடிதங்கள் போய்விடலாம். ஆகவே முதலில் எல்லாச் சோடிகளையும் சேர்த்து வைத்து, பிழை இல்லை என்று தெரிந்த பிறகே அச்சிடவோ அனுப்பவோ வேண்டும்.

புரோகிராம் எழுதாதவர்களுக்கும் இந்தப் பிரச்சினை எக்செல் தாளில் தினமும் காத்திருக்கிறது. பெயர் ஒரு கொலத்தில், தொகை அடுத்த கொலத்தில். பெயர்களை அகர வரிசைப்படுத்த நினைத்து, பெயர்க் கொலத்தை மட்டும் தெரிவு செய்து சோர்ட் கொடுத்தால், பக்கத்தில் உள்ள கொலத்தையும் சேர்த்துக்கொள்ளவா என்று எக்செல் கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பெயர்கள் மட்டும் இடம் மாறும், தொகைகள் அப்படியே நிற்கும். நடுவில் ஒரு வெற்றுக் கொலம் இருந்தால் அந்தக் கேள்விகூட வராது. மொத்தத் தொகை ஒரு சதமும் மாறாது. இதனால்தான் இப்படியான தாளை நான் வரிசைப்படுத்த முன், பக்கத்தில் ஒரு கொலத்தில் 1, 2, 3 என்று இலக்கம் இட்டு வைக்கிறேன். பிசகினால் அந்த இலக்கத்தை வைத்துத் திரும்பிப் போகலாம்.

அதே எக்செல்லில் சம்புரொடக்ட் என்று ஒன்று இருக்கிறது. வேலை செய்த மணித்தியாலங்கள் ஒரு கொலத்திலும், மணித்தியாலக் கூலி இன்னொரு கொலத்திலும் இருந்தால், ஒன்றோடு ஒன்றைப் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டித் தரும். 20 மணித்தியால வரிகளுக்கு 19 கூலி வரிகளைக் காட்டினால் விடை தராது, பிழை என்று காட்டும். முன்பெல்லாம் அந்தப் பிழையைக் கண்டால் எரிச்சல் வரும். இப்போது வருவதில்லை.

நேயர்களே, பட்டியல்களைச் சேர்ந்து நடத்தும் வழக்கம் எங்கள் தமிழுக்கும் பழையது. நிரல்நிறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சொற்களை ஒரு வரிசையாகவும், அவற்றுக்குரியவற்றை இன்னொரு வரிசையாகவும் நிறுத்திவிட்டு, முதலாவதோடு முதலாவதையும் இரண்டாவதோடு இரண்டாவதையும் சேர்த்துப் பொருள் கொள்வது. தொல்காப்பியம் சொல்லும் நான்கு பொருள்கோள்களில் இதுவும் ஒன்று. நன்னூல் சொல்லும் எட்டிலும் இது இருக்கிறது. திருக்குறளில் இல்வாழ்க்கை அதிகாரத்தின் ஐந்தாவது குறளை இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். இல்லறத்தில் அன்பு இருந்தால் அது அதன் பண்பு, அறன் இருந்தால் அது அதன் பயன். வள்ளுவர் அன்பையும் அறனையும் முதலில் வைத்து, பண்பையும் பயனையும் பின்னால் வைத்திருக்கிறார். சோடி சேர்ப்பது படிப்பவரின் வேலை. நன்னூல் இன்னொன்றையும் சொல்கிறது. வரிசை நேராகவும் போகலாம், தலைகீழாகவும் போகலாம். அதற்கு எதிர் நிரல்நிறை என்று பெயர்.

நேரா, தலைகீழா என்று பாட்டுப் படிப்பவருக்கு எப்படித் தெரிகிறது? பொருளைக் கொண்டு தெரிகிறது. பொருந்தாவிட்டால் நின்று யோசிப்பார். ஸிப்புக்குப் பொருள் தெரியாது. காரைநகரில் பிறந்தவருக்குக் கரவெட்டி என்று கொடுத்தாலும் அதற்கு இரண்டும் எழுத்துகள்தான். அது பிழை என்று தெரிந்தவர்கள் வீட்டில் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்தவர் மட்டுமே.

இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் கைக்கொள்ளும் சில பழக்கங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஒருவருக்குரிய விபரங்களைத் தனித்தனிப் பட்டியல்களில் பிரித்து வைக்காதீர்கள். பெயர், ஊர், குடும்பம் மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும். அந்த வரியை எங்கே நகர்த்தினாலும் மூன்றும் சேர்ந்தே நகரும். நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டது பிழையில்லை. ஆளுக்கு 21 பெயர் என்று பிரித்திருக்க வேண்டும். ஒருவரின் பெயரையும் ஊரையும் இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுத்தது பிழை.

இரண்டாவது, பட்டியல்கள் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தே தீரும் என்றால், இடத்தை நம்பாமல் அடையாள இலக்கத்தை நம்புங்கள். பற்றுச்சீட்டு இலக்கம், அங்கத்துவ இலக்கம் என்று ஒன்று இரண்டு பட்டியலிலும் இருக்கட்டும். அந்த இலக்கத்தைத் தேடி இணைக்கச் சொல்லுங்கள். எக்செல்லில் விலூக்கப் பாவிப்பவர்கள் கடைசியில் ஃபோல்ஸ் என்று எழுத மறக்க வேண்டாம். எழுதாவிட்டால், சரியான இலக்கம் இல்லாதபோது அது கிட்டத்தட்டப் பொருந்துவதைப் பிடித்துத் தந்துவிடும்.

மூன்றாவது, பைதன் எழுதும் பிள்ளைகள், பட்டியல்கள் ஒரே நீளமாக இருக்க வேண்டிய இடத்தில் ஸ்ட்ரிக்ட் போடாமல் ஸிப் எழுதாதீர்கள். அதோடு, முதல் வரி, நடுவில் ஒரு வரி, கடைசி வரி மூன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் பக்கத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டவன் நான். நடுவில் நகர்ந்த பட்டியலின் முதல் பக்கம் சரியாகத்தான் இருக்கும்.

நான்காவது, வெற்றிடத்தை நீக்காதீர்கள். ஒன்று தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று அந்த இடத்தில் எழுதி வையுங்கள். அந்த இடம் அவருக்குரிய இடம்.

அடுத்த வாரம் நிகழ்ச்சி தொடங்கியதும், வேறெதுவும் பேச முன், அந்த அம்மாவின் கணவரின் பெயரை வாசித்தோம். பிறகு 22 பெயர்களையும் அவரவர் ஊரோடு வாசித்தோம். வாசிக்கப் போகும் நேரத்தை அம்மாவுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். அன்று அவர் எடுத்து, "கேட்டது தம்பி, வடிவாக் கேட்டது" என்று மட்டும் சொன்னார். முதல் வாரம் தன் காதையே குற்றம் சொன்னவர் அவர். எங்கள் முதியவர்கள் பட்டியல்களை நம்பி வாழ்ந்தவர்கள். நிவாரணப் பட்டியல், முகாம் பட்டியல், விசாப் பட்டியல் என்று பெயர் வருகிறதா என்று காத்திருந்தவர்கள். வராவிட்டால் பட்டியல் பிழை என்று அவர்களுக்கு முதலில் தோன்றுவதில்லை. இதை நினைத்துத்தான் அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

41வது பெயரின் பேத்தியையும் அழைத்தேன். ஏன் ஊரை விட்டுவிட்டீர்கள் பிள்ளை என்று கேட்டேன். "அங்கிள், அப்பப்பா பிறந்தது ஓர் ஊர். கலியாணம் செய்தது வேற ஊர். இடம்பெயர்ந்து இருந்தது மூண்டு ஊர். செத்தது இன்னொரு ஊரில. எதை எழுதுறதெண்டு எனக்குத் தெரியேல்லை, அதுதான் விட்டனான்" என்றா. அவ இந்த நாட்டில் பிறந்த பிள்ளை. வீட்டில் பெரியவர்களைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். மறுநாள் அழைத்து, பிறந்த ஊரையும் கடைசியாக இருந்த ஊரையும் சொன்னா. இரண்டையும் வாசித்தோம். இப்போது எங்கள் பட்டியலில் ஊர் என்ற இடம் இரண்டு ஊர் எழுதும் அளவுக்கு அகலமாக இருக்கிறது.

இந்த ஆண்டும் பெயர்களை அனுப்பத் தொடங்கியிருப்பீர்கள். ஊர் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். இரண்டு ஊர் என்றால் இரண்டையும் எழுதுங்கள். வெறுமையாக மட்டும் விட வேண்டாம். நாங்களும் எண்ணிப் பார்த்தே வாசிப்போம்.

மீண்டும் அடுத்த மாத உரையில் சந்திப்போம்.